நீங்களே ஒரு ஜெபம் பண்ணிடுங்க, ஐயா

காலை ஆராதனையில் நாம் முழங்காலில் நின்று சொல்லும் பொதுப் பாவ அறிக்கை 1552இல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தில் இடம்பெற்றது. மிஷனெரிமார் வழியாக நம் ஊர்களுக்கு வந்து, எழுத்தறியாதவர்களும் புத்தகம் பார்க்காமல் சொல்லும் அளவுக்கு நம் நாவில் பழகிவிட்டது. அதில் ஒரு வரிசை இருக்கிறது. செய்யக் கூடாததைச் செய்தது இரண்டாவதாகத்தான் வருகிறது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது முதலில் வருகிறது. வாரந்தவறாமல் அதைச் சொல்கிறோம். எதைச் செய்யாமல் விட்டோம் என்று ஒரு ஞாயிறாவது நின்று கேட்டிருக்கிறோமா?

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டச் சபைகளில் பிறந்து வளர்ந்த நாம், அங்கிருந்து சென்னை, மும்பை, வளைகுடா என்று பிழைக்கப் போன இடங்களில் சபையாகக் கூடியிருக்கும் நாம், வெளிப்பார்வைக்கு எதையும் விட்டுவிடவில்லை. கோவிலுக்குப் போகிறோம். காணிக்கை போடுகிறோம். கன்வென்ஷன் பந்தல் நிரம்புகிறது. அசனப் பண்டிகைக்கு வெளியூர்ப் பிள்ளைகள் லீவு போட்டு வந்து சேருகிறார்கள். நாம் விட்டது வேறு. கடவுளோடு நாமே பேசுவதை விட்டோம். அவர் பேசுவதை நாமே உட்கார்ந்து கேட்பதை விட்டோம். இரண்டையும் மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, அவர்கள் நமக்காகச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருக்கிறோம்.

குருவானவர் வீடு சந்திக்க வரும் மாலையை நினைத்துப் பாருங்கள். டிவியை அவசரமாக அணைக்கிறோம். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிடுகிறோம், பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொள்கிறார்கள். ஷோகேஸில் இருக்கும் பெரிய வேதாகமம் தூசி தட்டி எடுத்து வரப்படுகிறது. ஐயா ஒரு சங்கீதம் வாசிக்கிறார். பிறகு, "வீட்டுல யாராவது ஒருத்தர் ஜெபிங்களேன்" என்கிறார். எல்லாரும் தரையைப் பார்க்கிறோம். அப்பா அம்மாவைப் பார்க்கிறார், அம்மா மகனைப் பார்க்கிறாள். கடைசியில், "நீங்களே ஒரு ஜெபம் பண்ணிடுங்க, ஐயா" என்கிறோம். அவரும் பண்ணுகிறார். ஆமென் சொல்லிக் காபி கொடுத்து அனுப்புகிறோம். அந்த வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருக்கலாம். ஆயிரம் பேர் முன்னால் குறிப்பில்லாமல் ஒரு மணி நேரம் பேசியவராக இருக்கலாம். தன் பிள்ளைகள் முன்னால் கடவுளிடம் இரண்டு வாக்கியம் பேச அவருக்கு வாய் வரவில்லை.

இதைக் கூச்சம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. கூச்சம் ஒரு தலைமுறைக்கு இருக்கும், மூன்று தலைமுறைக்குத் தொடராது. மேடையில் கேட்ட ஜெபமே சரியான ஜெபம் என்று நாம் நம்பிவிட்டோம். ஒலிபெருக்கியில், தடையில்லாமல், ஏறி இறங்கும் குரலில், அடுக்கடுக்கான வசனங்களோடு ஓடுவதுதான் ஜெபம் என்றால், நம் வீட்டுப் பேச்சுக்கு அங்கே இடமில்லை. அதனால் "எனக்கு ஜெபிக்கத் தெரியாது" என்பது நம் சபைகளில் ஒரு அடக்கமான, மரியாதையான வாக்கியமாகிவிட்டது. ஜெபிக்கத் தெரியாதவர்கள்தான் ஆண்டவரிடம் போய் எங்களுக்குச் சொல்லிக்கொடும் என்று கேட்டார்கள் என்பதை லூக்கா 11ஆம் அதிகாரத்தில் வாசித்திருக்கிறோம். அவர் அவர்களுக்குக் கொடுத்தது எவ்வளவு சின்ன ஜெபம்! ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. தெரியாது என்ற இடத்தில்தான் அவர்களுக்கு ஜெபம் தொடங்கியது. நமக்கு அங்கேயே முடிந்துபோனது.

முடிந்துபோனதை நிரப்பப் பலர் வந்தார்கள். தொலைக்காட்சித் திரையின் கீழே ஜெப உதவிக்கு எண் ஓடுகிறது. வாட்ஸாப் குழுவில் காலை ஐந்து மணிக்கு யாரோ ஒருவரின் குரல்பதிவு வந்து விழுகிறது. அறுவை சிகிச்சை, விசா, பெண்ணுக்கு வரன், பையனுக்கு நீட் தேர்வு என்று விண்ணப்பங்கள் வருகின்றன. அவற்றின் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. அந்தப் படத்தைப் போட்ட விரல் அடுத்த செய்திக்குத் தாவுவதற்குள் அந்த நோயாளிக்காக ஒரு மூச்சாவது ஜெபித்ததா? "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் இன்று நாம் ஒருவருக்கொருவர் அதிகம் சொல்லும் வார்த்தை. பவுலும் தமக்காக ஜெபிக்கும்படி சபைகளைக் கேட்டார். ஆனால் தாமே இரவும் பகலும் ஜெபித்துக்கொண்டிருந்த மனிதர் அப்படிக் கேட்டார்.

வேத வாசிப்பையும் இப்படியே கைமாற்றினோம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை வாங்க வரிசையில் நிற்கிறோம். அட்டை நல்லதுதான். ஒரு வசனத்தை வருஷம் முழுக்க மனதில் வைத்திருப்பது பழைய, அருமையான பயிற்சி. ஆனால் அந்த வசனம் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று திறந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்? நம் வீடுகளில் அதிகம் தொங்குவது எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனமாக இருக்கும். சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றியது. அதற்கு முந்தைய வசனம், சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போனவர்கள் எழுபது வருஷம் காத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் எருசலேமைத் திரும்பப் பார்க்காமலே அந்நிய மண்ணில் செத்திருப்பார்கள். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைப்பிடித்த பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்றும் அதே கடிதம் சொல்கிறது. அதிகாரம் முழுவதையும் வாசித்திருந்தால், வேலை கிடைக்காத வருஷத்திலும் குழந்தை பிறக்காத வருஷத்திலும் அந்த வசனம் நம்மைத் தாங்கியிருக்கும். ஒரு வரியாக வெட்டி வாங்கியதால், டிசம்பர் வந்ததும் அது பொய்த்துப்போனதாக உள்ளுக்குள் நினைக்கிறோம். அடுத்த அட்டை வாங்குகிறோம்.

நம் முன்னோருக்கு இந்தப் புத்தகம் எவ்வளவு பாடுபட்டுக் கைக்கு வந்தது என்பதை நாம் மறந்ததும் இந்தக் குற்றத்தில் சேரும். மார்ட்டின் லுத்தர் 1528இல் சாக்சோனி நாட்டுச் சபைகளைச் சுற்றிப் பார்த்து, ஜனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியவில்லை என்று கலங்கிப்போனார். அடுத்த வருஷமே சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். அதன் பகுதிகளுக்குத் தலைப்பே, வீட்டுத் தலைவர் தம் வீட்டாருக்கு எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பதுதான். ஆலயத்தில் குரு சொல்லிக்கொடுத்தால் போதும் என்று அவர் விடவில்லை. அந்த மரபில் வந்த சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கி, பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துக் கற்று, சில ஆண்டுகளுக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். 1714, 1715ஆம் ஆண்டுகளில் அது அச்சாகி வெளிவந்தது. லுத்தரின் ஞானோபதேசத்தையும் அவர் தமிழில் தந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தவர், 36 வயதில் 1719இல் இறந்தார். மீதியைச் சூல்ட்சே முடித்து 1728இல் முழு வேதாகமம் வந்தது. பிறகு பப்ரிசியஸ் பல ஆண்டுகள் அதைத் திருத்தினார். இன்று நம் கையில் இருப்பது பெரும்பாலும் 1871இல் வந்த பவர் ஐயர் குழுவின் திருப்புதல். இந்த நூற்றைம்பது ஆண்டு உழைப்புக்குக் காரணம் ஒன்றே: கடவுளுடைய வார்த்தைக்கும் ஒரு சாதாரண மனுஷிக்கும் இடையில் வேறொருவர் நிற்கக் கூடாது. நடுவில் நின்றவரை விலக்க அவர்கள் ஆயுளைக் கொடுத்தார்கள். நாம் அவரைத் திரும்ப அழைத்து, நாற்காலி போட்டு, மைக் கொடுத்து உட்காரவைத்திருக்கிறோம்.

திருநெல்வேலிச் சீமையில் இது எப்படி வேர்விட்டது என்பதும் நினைவில் இருக்க வேண்டியது. 1799இல் தாவீது சுந்தரானந்தம் துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்காக முதலூரை உண்டாக்கினார். பிறகு ரேனியஸ் ஐயர் காலத்திலும், 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் காலத்திலும் ஊர் ஊராகச் சபைகள் எழுந்தன. எல்லா ஊருக்கும் குருவானவர் இல்லை. உபதேசியார் இருந்தார். காலையிலும் மாலையிலும் மணி அடிக்கும். பனங்காட்டு வேலை முடிந்து வந்தவர்கள், கருப்புக்கட்டி காய்ச்சிய கையோடு வந்த பெண்கள் கூடி உட்காருவார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு உபதேசியார் ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொடுத்து, மறுநாள் திரும்பக் கேட்பார். வீடுவீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் கற்பிக்கவென்றே பைபிள் உமன் அம்மாமார் இருந்தார்கள். தாங்கள் வாசித்தே ஆக வேண்டும் என்பதற்காகவே நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படித்த பெண்கள் நம் குடும்பங்களில் உண்டு. அவர்களுடைய பேரன் பேத்திகளாகிய நாம் முதுகலை படித்திருக்கிறோம், ஆறு வகை வேதாகமச் செயலிகளைக் கைபேசியில் வைத்திருக்கிறோம்.

குடும்ப ஜெபம் என்று ஒன்று இருந்தது. இருந்தது என்று எழுதவே மனம் வலிக்கிறது, ஆனாலும் பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே உண்மை. இராச்சாப்பாட்டுக்கு முன் கோரைப்பாய் விரிக்கப்படும். முதலில் ஒரு கீர்த்தனை. பாளையங்கோட்டையில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியாருடையதாகவே பெரும்பாலும் இருக்கும். பாட்டுப் புத்தகம் யாருக்கும் வேண்டியிராது. பிறகு வேத வாசிப்பு. நடந்துகொண்டிருக்கும் அதிகாரத்தை ஆளுக்கு இரண்டு வசனமாகச் சுற்றில் வாசிப்பார்கள். ஆதியாகமத்தில் தொடங்கினால் லேவியராகமத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும், வம்சவரலாற்றுப் பெயர்களை எழுத்துக் கூட்டித்தான் ஆக வேண்டும். விருப்பமானதை மட்டும் பொறுக்கிக்கொள்ள வழியில்லை. அடுத்து மனப்பாட வசனம். கடைக்குட்டிக்கு எப்போதும் யோவான் 11ஆம் அதிகாரத்தில் வரும் அந்த மூன்று சொல் வசனம், லாசருவின் கல்லறையருகே ஆண்டவர் அழுதது. அது விளையாட்டாகத்தான் சொல்லப்படும். ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து, தன் வீட்டில் ஒரு சாவு விழுந்த நாளில், அழுகிற கடவுள் ஒருவர் உண்டு என்பது அதற்கு முன்பே தெரிந்திருக்கும். கடைசியில் முழங்கால் போட்டு ஜெபம். அப்பாவோ தாத்தாவோ வீட்டுக் காரியம் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிச் சொல்வார். கடன் இருப்பதும், சித்தப்பாவோடு பேச்சு வார்த்தை இல்லாததும், பசுவுக்குச் சுகமில்லாததும் பிள்ளைகளுக்கு அந்த ஜெபத்தில்தான் தெரியவரும். தெய்வத்திடம் எதை எப்படிச் சொல்லலாம் என்பதை நாம் அங்கேதான் கற்றோம்.

அந்தக் காலத்தைப் பொன்னாக்கிக் காட்டும் எண்ணம் எனக்கு இல்லை. தூங்கி விழுந்த பிள்ளைக்கு அடி விழுந்தது. மணி அடித்தும் வராதவர்களைச் சபை ஒழுங்கு என்ற பெயரில் மிரட்டிய ஊர்கள் இருந்தன. நீண்ட ஜெபம் பண்ணிய தகப்பன், ஜெபம் முடிந்த கையோடு மனைவியைக் கைநீட்டி அடித்த வீடுகள் இருந்தன. சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்தபடியே ஒரே பிதாவைக் கூப்பிட்டார்கள். இவற்றைப் பார்த்து வளர்ந்தவர்களில் சிலர், பாய் விரிப்பதை நிறுத்தியபோது விடுதலையாகவே உணர்ந்தார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். பெரும்பாலோர் அப்படி யோசித்து நிறுத்தவில்லை. டியூஷன் எட்டரைக்கு முடிந்தது, ஷிப்ட் மாறியது, தொடர் ஒன்பது மணிக்கு வந்தது, ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு திரை ஆயிற்று. இன்று வேண்டாம், நாளை பார்க்கலாம் என்றோம். யாரும் தீர்மானம் எடுக்காமலே ஒரு பழக்கம் செத்துப்போனது. அதன் அடக்க ஆராதனைக்குக்கூட நாம் போகவில்லை.

சமையலறையில் நடந்த ஜெபத்தையும் விட்டோம். உலை வைப்பதற்கு முன், அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிப்பானையில் போடுவார்கள். கைப்பிடி அரிசி. அளந்ததற்கு மேல் கூடுதலாக எடுப்பது இல்லை, சாப்பாட்டுக்கு அளந்ததிலிருந்தே எடுப்பது. அந்த வேளை வீட்டில் யாரோ ஒருவருக்கு ஒரு கவளம் குறையும், அது பெரும்பாலும் அள்ளிய பெண்ணின் கவளமாகவே இருக்கும். அப்படிக் கொடுத்துப் பழகிய சபைகளிலிருந்துதான் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்து, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதன் பின்னணியில் நின்றார். 1912இல் அவர் தோர்ணக்கல்லின் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். இன்று நாம் கொடுப்பது அன்றைவிடப் பல மடங்கு அதிகம். உறையில் போடுகிறோம், ஜிபேயில் அனுப்புகிறோம், ஸ்தோத்திரப் பண்டிகையில் ஏலம் கூவுகிறோம். ஆனால் தினமும் இரண்டு வேளை, கை அரிசியில் இருக்கும்போது, முகம் தெரியாத ஒருவரைக் கடவுளுக்கு முன் நினைத்த அந்த நினைப்பு எங்கே? பணம் போய்ச் சேருகிறது. கொடுத்தவர் மனதில் அதற்குரிய ஜெபம் இல்லை.

உபவாசத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரிந்ததே. ஒரு காரியம் கைகூட வேண்டும் என்றால் உபவாசம் இருக்கிறோம். ஏசாயா 58ஆம் அதிகாரம் கேட்ட உபவாசம், கட்டுண்டவனை அவிழ்த்துவிடுவதும் பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதும். அதற்காக லெந்து நாற்பது நாளில் ஒருநாளாவது சாப்பிடாமல் இருந்தோமா?

இன்னும் கனமான ஒன்றுக்கு வருகிறேன். திருவிருந்துக்கு முந்தின நாள் ஆயத்த ஆராதனை நடக்கும். நாளைக்குப் பந்தியில் கைநீட்டப் போகிறவர்கள் இன்று மாலை தங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும். யாரோடாவது பகை இருந்தால் இரவுக்குள் போய்ப் பேசிவிட்டு வர வேண்டும். பகைமையோடு இருப்பவர்கள் ஒப்புரவாகும்வரை அவர்களைப் பந்திக்கு விடக் கூடாது என்று பழைய ஜெபப் புத்தகம் குருவானவருக்கே கட்டளை கொடுத்திருந்தது. காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு 5ஆம் அதிகாரப் போதனையை அவர்கள் அப்படியே நடைமுறையாக்கியிருந்தார்கள். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950இல் வந்த அதன் திருவிருந்து முறைமையில், சுரியானி மரபிலிருந்து எடுத்துச் சமாதானம் வழங்குதலைச் சேர்த்தார்கள். வலது உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, இடது கையால் மூடி, பலிபீடத்தில் தொடங்கி ஒருவரிடமிருந்து ஒருவராகக் கடைசி வரிசை வரை கைமாறி வருகிறது. உலகத்தின் பல சபைகள் நம்மைப் பார்த்துத்தான் இதைத் திரும்பக் கைக்கொண்டன.

நாம் அதை என்ன செய்தோம்? ஆயத்த ஆராதனை பெரும்பாலான சேகரங்களில் பெயரளவுக்குச் சுருங்கியது, அல்லது நின்றேபோனது. சமாதானம் பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரரோடு முடிந்துவிடுகிறது. எதிர்வரிசையில் நிற்பவர் போன திருமண்டலத் தேர்தலில் எதிரணி. அவர் மீது நாம் வழக்குப் போட்டிருக்கிறோம், அவர் நம் மீது போட்டிருக்கிறார். பள்ளிக்கூட நியமனம், சொத்து, பதவி என்று கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்களுக்கு எதிராக மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து உயர்நீதிமன்றக் கிளை வரை நிற்கிறோம். அந்த இரு தரப்பும் ஒரே ஞாயிற்றில், ஒரே பலிபீடக் கம்பியின் இரு முனையில் முழங்காலிட்டு, ஒரே பாத்திரத்திலிருந்து பானம்பண்ணுகிறோம். அதைத் தடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. ஏனென்றால் பந்தி பரிமாறுகிறவரின் இடமாற்றமும் அந்தத் தேர்தலில்தான் தீர்மானமாகிறது. நம் ஜெபங்கள் ஏன் வறண்டுபோயின என்று கேட்டுப் பேச்சாளர்களை அழைத்துக் கூட்டம் போடுகிறோமே, பதில் அந்தக் கம்பியருகே இருக்கிறது. மற்ற எந்த ஆவிக்குரிய பயிற்சியையும் ஓரளவுக்காவது வேறொருவர் நமக்காகச் செய்துவிடலாம் என்று ஏமாற்றிக்கொள்ளலாம். ஒப்புரவாவதை யாரும் நமக்காகச் செய்ய முடியாது. நாமேதான் எழுந்து, எதிர்வீட்டுப் படியேற வேண்டும்.

துக்கத்தைக் கடவுளிடம் கொண்டுபோகவும் மறந்தோம். சங்கீதப் புத்தகத்தில் 150 சங்கீதங்கள். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். எதுவரைக்கும் என்று கேட்பவை, ஏன் மறைந்துகொண்டீர் என்று மல்லுக்கு நிற்பவை. 88ஆம் சங்கீதம் கடைசிவரை ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் வைத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பது 23, 91, 121. அவை வேண்டியவைதான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு நாம் என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? சாட்சி சொல்லும் நேரத்தில் சுகமானவர்கள் எழுந்திருக்கிறார்கள், வேலை கிடைத்தவர்கள் எழுந்திருக்கிறார்கள். ஜெபித்தும் சுகமாகாமல் புருஷனை அடக்கம் பண்ணியவள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரோ காதுபடப் பேசியிருப்பார்கள். அவள் கோபத்தோடு கடவுளிடம் பேசலாம், தாவீது பேசியிருக்கிறான், எரேமியா பேசியிருக்கிறான் என்று சொல்ல அவள் பக்கத்தில் போய் உட்கார யாரும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் கொஞ்சங் கொஞ்சமாகக் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். பின்வாங்கிப்போனார்கள் என்று நாம் எழுதிவைக்கிறோம். அவர்களைத் தனியே விட்டது நம் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

பிறகு, சும்மா இருத்தல். ஆண்டவர் அதிகாலையில், இருட்டோடு எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்திலேயே எழுதுகிறார். முந்தின நாள் ஊரே வாசலில் கூடியிருந்தது, மறுநாளும் எல்லாரும் அவரைத் தேடினார்கள். அவ்வளவு வேலையும் ஆளும் இருக்கும்போதுதான் போனார். ஈசாக்கு சாயங்காலத்தில் வெளியிலே தியானம் பண்ணப் போனான். எலியாவுக்குக் கர்த்தர் பெருங்காற்றிலும் பூகம்பத்திலும் அக்கினியிலும் இல்லை. 1921இல் திருப்பத்தூரில் ஜேசுதாசனும் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் போன்ற இடங்கள், இந்த மண்ணுக்கு ஏற்ற அமைதியான ஜெப வாழ்க்கையைத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு நூறு ஆண்டுக்கு முன்பே காட்டின. நாமோ ஆராதனையில் அரை நிமிஷம் சத்தம் நின்றால் மைக் கெட்டுவிட்டதோ என்று திரும்பிப் பார்க்கிறோம். ஜெபத்தின் பின்னணியில் கீபோர்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அமைதியைக் கண்டு நாம் பயப்படுகிறோம் என்றே நினைக்கிறேன். சத்தம் நின்றால், அவரிடம் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை என்பது தெரிந்துவிடும். இன்னும் மோசமாக, அவர் நம்மிடம் சொல்ல ஏதோ இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இவையெல்லாம் குருமாரின் குற்றம் என்று முடித்துவிட நமக்கு ஆசை. அது முறையல்ல. மூன்று நான்கு ஊர்களைச் சுமந்துகொண்டு, திருமணப் பதிவும் பள்ளிக்கூடக் கணக்கும் கட்டடக் கமிட்டியும் பார்க்கும் மனிதரிடம், நம் ஜெபத்தையும் சேர்த்துத் தூக்கச் சொல்லியிருக்கிறோம். அவர் தனியாக ஜெபிக்க நேரம் இருக்கிறதா என்று சேகரக் கமிட்டியில் ஒருமுறையாவது கேட்டோமா? வரவு செலவுதான் கேட்டோம்.

செய்யக்கூடியது அதிகம் இல்லை, கொஞ்சம் இருக்கிறது. எண்பதைத் தாண்டிய பாட்டிமார் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். 119ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களில் பாதிக்கு மேல் புத்தகமில்லாமல் சொல்லக்கூடியவர்கள், கீர்த்தனைகளைப் பழைய மெட்டில் பாடக்கூடியவர்கள். பிள்ளைகள் அவர்கள் பக்கத்தில் உட்காரட்டும். பதிவு செய்து குழுவில் போட வேண்டாம், ஒரு சங்கீதத்தையாவது அவர்கள் வாயிலிருந்து கேட்டு மனப்பாடம் பண்ணட்டும். லெந்தில் வீட்டுக்கு வீடு நடக்கும் கூட்டங்களில் ஒரு வாரத்தை நிறுத்திவிட்டு, அந்த மாலைகளில் அவரவர் வீட்டில் அவரவர் கூடச் சேகரம் அறிவிக்கலாம். ஆயத்த ஆராதனையைத் திரும்பக் கொண்டுவரலாம். அதற்கு எந்தத் தீர்மானமும் தேவையில்லை, முறைமை ஏற்கனவே புத்தகத்தில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் திடப்படுத்தல் வகுப்பைச் சொல்வேன். பேராயர் கை வைக்கும் நாளுக்காகப் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், வினாவிடை எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். வெள்ளை உடுப்பு தைக்கிறோம், போட்டோ எடுக்கிறோம். தனியாக ஒரு அறையில் பத்து நிமிஷம் கடவுளோடு எப்படி உட்காருவது, மனம் ஓடினால் என்ன செய்வது, ஜெபிக்கவே பிடிக்காத நாளில் எந்தச் சங்கீதத்தைத் திறப்பது, கேட்டது கிடைக்காதபோது அவரிடம் என்ன பேசுவது என்று எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பதில்லை. நமக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது உண்மைதான். அதனால் அந்த வகுப்பில் ஒவ்வொரு வாரமும் கடைசிக் கால்மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கட்டும். ஒரு வேதப் பகுதி, கொஞ்ச நேரம் மௌனம், பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தன் வாயால் ஒரே ஒரு வாக்கியம். பெற்றோரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பிள்ளைகள் முடித்ததும் அவர்களையும் ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லட்டும்.